கவர்க்கல்லில் எரிந்த மஞ்சள் விளக்கு

என் அப்பா பொள்ளாச்சி - வால்பாறை வழித்தடத்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆழியாறிலிருந்து மேலே ஏறும் அந்தச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை உண்டு. அப்பாவுக்கு அந்தப் பலகைகள் தேவைப்பட்டதே இல்லை. எந்த வளைவில் மழைத்தண்ணீர் குறுக்கே ஓடும், எந்த வளைவில் எதிரே வரும் வண்டி கடைசி நொடி வரை கண்ணுக்குத் தெரியாது, எங்கே வரையாடுகள் சாலையில் இறங்கி நிற்கும் என்பதெல்லாம் அவர் உடம்பிலேயே ஊறியிருந்தது. நான் கார் ஓட்டப் பழகியபோது கிளட்சைப் பற்றியோ ஸ்டியரிங்கைப் பற்றியோ பேசுவதற்கு முன்பே, சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டைப் பார்க்கும் பழக்கத்தைத்தான் அவர் ஏற்படுத்தினார். "வண்டிக்கு என்ன நோவுன்னு அதுதான் சொல்லும். பாத்துட்டு அப்புறம் கெளப்பு கண்ணு" என்பார்.

அவருடைய பேருந்தில் இருந்தது காற்று பிரேக். காற்றழுத்தம் குறைந்தால் முள் இறங்கும், கூடவே பஸ்ஸர் விடாமல் கத்தும். அந்தச் சத்தம் நிற்கும் வரை டெப்போவை விட்டு வண்டியை எடுக்கமாட்டார். என் காரில் இருக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் அது கெட்டுப்போன நாளில் என்னை மலையிலிருந்து பத்திரமாக இறக்கியது பாதி அவருடைய அறிவுதான். மீதிப் பாதி நான் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இயற்பியல்.

சில ஆண்டுகளுக்கு முன், தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பிடித்திருந்த ஒரு ஜூன் மாதம் அது. சித்தப்பா மகளின் வளைகாப்புக்காக வால்பாறை போயிருந்தோம். அப்பா முன் இருக்கையில். அம்மாவும் என் மகனும் பின்னால். வண்டி பத்து வயதைத் தாண்டிய சிறிய கார். மதியச் சாப்பாடு முடிந்து கிளம்பி, புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகளுக்காக நின்று, ரொட்டிக்கடை தாண்டி, கவர்க்கல் பக்கம் வந்தபோது மூடுபனி சாலையை மூடியிருந்தது. அங்கேதான் அந்த விளக்கு எரிந்தது. ஒரு வட்டம், இருபுறமும் அடைப்புக்குறி மாதிரி வளைந்த கோடு, நடுவில் ஏபிஎஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்து. மஞ்சள் நிறம்.

நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததை அப்பா கவனித்துவிட்டார்.

"ஏன் கண்ணு, வேகம் கொறஞ்சிருச்சு?"

"ஏபிஎஸ் லைட்டு எரியுதுங்கப்பா."

"மஞ்சளா, செவப்பா?"

"மஞ்சள்."

"செவப்பு ஒண்ணும் இல்லியே?"

"இல்லீங்கப்பா."

"அப்ப நிறுத்தறதுக்குப் பிரேக் இருக்கு. அகலமான எடமாப் பாத்து ஓரங்கட்டு. வளைவுல நிறுத்தீராத."

மஞ்சளா சிவப்பா என்ற அந்தக் கேள்விக்குள் இந்த விஷயத்தின் பாதி அடங்கிவிடுகிறது. மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு தன்னைத் தானே விலக்கிக்கொண்டது என்று பொருள். அதில் ஏதோ ஒரு பகுதி தரும் தகவல் நம்பும்படி இல்லை. தவறான தகவலை வைத்துக்கொண்டு பிரேக்கில் கைவைப்பதைவிட ஒதுங்கி நிற்பது மேல் என்று அதன் கணினி முடிவெடுத்துவிட்டது. பெடல், மாஸ்டர் சிலிண்டர், பிரேக் ஆயில், டிஸ்க், டிரம் எல்லாம் பழையபடி வேலை செய்யும். ஏபிஎஸ் வராத காலத்துக் கார் எப்படி நின்றதோ அப்படி நிற்கும்.

சிவப்பு பிரேக் விளக்கின் கதை வேறு. ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்காமல் விட்டாலும் அது எரியும். எனவே முதலில் அந்த லீவரைப் பார்க்கவேண்டும். லீவர் இறங்கியிருந்தும் எரிந்தால், பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், எங்காவது கசிந்துகொண்டிருக்கலாம். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. முன் சக்கரத்துக்கு எவ்வளவு அழுத்தம், பின் சக்கரத்துக்கு எவ்வளவு என்று பகிர்ந்து கொடுக்கும் வேலையையும் இப்போதைய கார்களில் அதே அமைப்புதான் செய்கிறது, அதுவும் நின்றுபோயிருக்கக்கூடும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரமெல்லாம் முன்னால் சாயும், பின் சக்கரங்கள் லேசாகிவிடும். பகிர்வு இல்லாமல் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டியின் வால் வீசிவிடும். மலைச்சாலையில் அப்படி வீசினால் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். இரண்டும் சேர்ந்து எரிந்திருந்தால் அன்று நான் கவர்க்கல்லிலேயே வண்டியைப் போட்டுவிட்டு, எல்லோரையும் பேருந்தில் ஏற்றியிருப்பேன். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

தேயிலைத் தோட்டத்தை ஒட்டி லாரிகள் ஒதுங்கும் ஓர் இடத்தில் நிறுத்தினேன். மகன் குடை பிடிக்க, பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தேன். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் இருந்தது. நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆயில் ஒழுகிய ஈரம் எங்கும் இல்லை. மழையில் எல்லாமே ஈரம்தான், ஆனால் பிரேக் ஆயிலுக்கு விரலில் ஒட்டும் ஒரு வழவழப்பு உண்டு. அது தட்டுப்படவில்லை. உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்தினேன். பாதி தூரத்துக்கு மேல் போகாமல் கெட்டியாக நின்றது. அழுத்தியபடியே வைத்திருந்தேன், மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா என்று பார்க்க. இறங்கவில்லை.

பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினேன். மற்ற விளக்குகளோடு ஏபிஎஸ் விளக்கும் எரிந்து, சில விநாடிகளில் அணைந்தது. அம்மா, "அதான் அணைஞ்சிருச்சே, கெளம்பலாம்" என்றாள். வண்டியை நகர்த்தி, சக்கரம் சில சுற்றுச் சுற்றியதும் விளக்கு திரும்ப வந்துவிட்டது. இது நல்ல தடயம். நின்ற நிலையில் கணினி தன் மின்சுற்றுகளைச் சோதித்துக் குறை ஒன்றும் காணவில்லை. சக்கரம் உருளத் தொடங்கிய பிறகு வரவேண்டிய தகவல்தான் சரியாக வரவில்லை. அப்படியானால் ஏதோ ஒரு சக்கரத்தின் வேகத்தை அளக்கும் இடத்தில் கோளாறு என்று அப்போதே ஊகித்தேன்.

அந்த அளவீடு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் கதை முழுக்க அதைச் சார்ந்தது. ஒவ்வொரு சக்கரத்தோடும் சேர்ந்து ஒரு பல் வளையம் சுழல்கிறது. மெக்கானிக்குகள் சுருக்கமாக ரிங் என்பார்கள். அதன் பற்களுக்கு எதிரே, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், அசையாமல் ஒரு சென்சார் நிற்கும். ஒவ்வொரு பல்லும் இடைவெளியும் கடக்கும்போது காந்தப்புலம் மாறும். அந்த மாற்றம் மின்துடிப்பாகக் கணினிக்குப் போகும். துடிப்புகள் எவ்வளவு விரைவாக வருகின்றன என்பதை வைத்துச் சக்கரத்தின் வேகம் தெரிந்துவிடும். சில வண்டிகளில் பல் வளையத்துக்குப் பதில் வீல் பேரிங்கிலேயே வடக்கும் தெற்குமாகக் காந்தம் பதித்த பட்டை இருக்கும். பிரேக்கை மிதிக்கும்போது மற்ற மூன்று சக்கரங்களும் சுழல, ஒன்று மட்டும் திடீரென நிற்கப்போனால், அது பூட்டிக்கொள்ளப் போகிறது என்று கணினி அறிந்து, அந்தச் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தை வால்வு வழியே தளர்த்தும். பிறகு மறுபடி ஏற்றும். ஒரு விநாடிக்குள்ளேயே இது பல தடவை நடக்கும். காலுக்குக் கீழே பெடல் தடதடவென்று அதிர்வது அதனால்தான்.

1978ல் பாஷ் நிறுவனம் உருவாக்கிய மின்னணு ஏபிஎஸ் முதலில் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது. அதற்கும் முன்பே, 1950களில், ஈரமான ஓடுபாதையில் விமானச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க டன்லப் நிறுவனம் மாக்சரெட் என்ற இயந்திர அமைப்பைச் செய்திருந்தது. நம் நாட்டில் வெகுகாலம் ஏபிஎஸ் பெரும்பாலும் விலை உயர்ந்த கார்களுக்கு உரிய வசதியாகவே இருந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகுதான் விற்பனைக்கு வரும் எல்லாக் கார்களிலும் அது கட்டாயமானது. 125 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கும் அப்படியே. இந்தச் சட்டம் இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி அன்றைய இறக்கம்.

பெடல் கெட்டியாக இருக்கிறது, ஆயில் இருக்கிறது, சிவப்பு விளக்கு இல்லை. இறங்கலாம் என்று முடிவெடுத்தோம். ஆனால் எப்படி இறங்குவது என்பதில் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். "ஏறின கியர்லயே எறங்கணும். பிரேக்க நம்பி எறங்காத, எஞ்சினப் புடிச்சுட்டு எறங்கு." மலை ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி இது. இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். வளைவுக்கு முன் முதல் கியர். பிரேக்குக்கு வேலை குறைவு, அதனால் சூடேறாது. சக்கரம் பூட்டிக்கொள்ளும் வாய்ப்பும் குறைவு. நியூட்ரலில் விட்டு உருட்டிக்கொண்டு இறங்குகிறவர்களைக் கண்டால் அப்பாவுக்கு இன்றைக்கும் கோபம் வரும். எனக்கும் வரும்.

நான் என் பங்குக்கு மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இறங்கினேன். பதினோராம் வகுப்பில் நான் நடத்தும் பாடம்தான். தரையில் உருளும் டயரின் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் சாலையோடு ஒப்பிட அசையாமல் நிற்கிறது. அங்கே செயல்படுவது ஓய்வுநிலை உராய்வு. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கத் தொடங்கினால் அது இயக்க உராய்வு, முன்னதைவிடக் குறைவு. ஆனால் அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. வழுக்கும் முன் சக்கரத்துக்குத் திசை தெரியாது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேரே போய்க்கொண்டே இருக்கும். ஏபிஎஸ் செய்யும் உண்மையான உபகாரம் பிரேக் பிடித்தபடியே வண்டியைத் திருப்ப முடிவதுதான். நிற்கும் தூரம் எப்போதும் குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்; உதிரிச் சரளைக்கல்லில் ஏபிஎஸ் உள்ள வண்டி நிற்க இன்னும் கொஞ்சம் தூரம்கூட எடுக்கலாம்.

எண்களில் சொன்னால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். உலர்ந்த தார்ச் சாலையில் உராய்வுக் குணகம் 0.7 என்று வைத்தால், பிரேக் பிடித்த பிறகு நிற்க 20 மீட்டர் வேண்டும். நனைந்த சாலையில் அது 0.4 ஆகிவிட்டால் 35 மீட்டர். காலைப் பெடலுக்குக் கொண்டுபோக ஒரு விநாடி ஆனால் இன்னும் 17 மீட்டர் கூடும். வேகத்தை 40 ஆகக் குறைத்தால் அதே நனைந்த சாலையில் 16 மீட்டரில் நிற்கலாம். வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்ததற்கு, தூரத்தில் பாதிக்கு மேல் மிச்சம். விளக்கு எரிகிறபோது ஓட்டுநரின் கையில் இருக்கும் மிகப் பெரிய மருந்து இந்த வேகக் குறைப்புதான். சமவெளியிலும் இதே கணக்கு. முன்னே போகும் வண்டியோடு வழக்கமாக விடும் இடைவெளியை இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள். மழை பெய்தால் இன்னும் கூட்டுங்கள்.

அட்டகட்டியைத் தாண்டி ஒரு வளைவில் திரும்பியபோது வரையாட்டுக் கூட்டம் சாலை நடுவே நின்றிருந்தது. குட்டிகளும் இருந்தன. நான் ஓட்டியது மிகக் குறைந்த வேகம்தான். இருந்தும் பிரேக் பிடித்தபோது முன் சக்கரம் ஈரத் தார்மேல் வழுக்குவது ஸ்டியரிங்கில் தெரிந்தது. கை திடீரென லேசாகிப்போன மாதிரி ஓர் உணர்வு. காலைச் சற்றே தளர்த்தினேன். சக்கரம் உருண்டது, திசை திரும்பக் கைக்கு வந்தது. மறுபடி அழுத்தினேன், தளர்த்தினேன், அழுத்தினேன். ஆடுகளுக்கு நல்ல தூரம் முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தன் வலது காலால் தரை விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் ஒரு குழப்பம் பலருக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். ஏபிஎஸ் நன்றாக வேலை செய்யும் காரில் அவசரமாக நிறுத்தும்போது பெடல் அதிரும். பயந்துபோய்க் காலை எடுக்கக்கூடாது. முழு பலத்தோடு மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பவேண்டும். விட்டுவிட்டு மிதிக்கும் வேலையை அமைப்பு பார்த்துக்கொள்ளும். விளக்கு எரியும் காரில் அந்த வேலை ஓட்டுநரின் காலுக்கு வந்துவிடுகிறது. இரண்டும் நேர் எதிரான பழக்கங்கள். மஞ்சள் விளக்கை ஓட்டுநர் உடனே கவனிக்கவேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம்: இன்றைக்கு என் கால் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது.

லோம்ஸ் வியூ வளைவில் வழக்கமாக நிற்போம். ஆழியாறு அணை முழுதும் அங்கிருந்து தெரியும். அன்று நிற்கவில்லை. கீழே இறங்கி, சோதனைச் சாவடி தாண்டிய பிறகுதான் அம்மா பையிலிருந்து முறுக்கை எடுத்தாள்.

விளக்கோடு அப்படியே ஓட்டிக்கொண்டு திரிய எனக்கு மனமில்லை. மறுநாளே கோவையில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஸ்கேனர் போடாமலே, "ஏபிஎஸ் யூனிட்டே போயிருச்சுங்க மேடம், புதுசுதான் மாத்தணும்" என்றார்கள். பம்ப், வால்வு, கணினி எல்லாம் சேர்ந்த அந்தப் பெட்டியின் விலை பல ஆயிரங்களில் போகும். சக்கரத்தைக் கழற்றாமல், ஒரு ஒயரைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் அப்படிச் சொன்னது எனக்கு ஏற்புடையதாக இல்லை. இன்னோர் இடத்தில் சொன்னதுதான் என்னை உலுக்கியது. "யூனிட்டெல்லாம் மாத்த வேண்டாங்க. லைட்டு எரியாத மாதிரி பண்ணித் தந்தர்றேன். பிரேக் நல்லாத்தான புடிக்குது?" மீட்டரைக் கழற்றி அந்தச் சிறிய விளக்கைத் துண்டித்துவிடுவது அவருக்கு அரை மணி நேர வேலை. இதைச் செய்துகொண்டு போகிறவர்கள் நிறையப் பேர் என்றும் சொன்னார். அந்த வண்டி பிறகு கைமாறும். வாங்குகிறவர் ஏபிஎஸ் உள்ள கார் என்று நம்பி, மழை நாளில் முழு பலத்தோடு மிதித்தபடி ஸ்டியரிங்கைத் திருப்புவார். வண்டி திரும்பாது. இதைச் சாதாரணத் தில்லுமுல்லு என்று விட்டுவிட என்னால் முடியாது. உயிரோடு விளையாடும் காரியம்.

உக்கடம் பக்கம் சிறியதாகக் கடை வைத்திருந்த ஓர் இளைஞரிடம் கடைசியில் போய்ச் சேர்ந்தேன். அவர் முதலில் கேட்டது வண்டியைப் பற்றி அல்ல, என் அனுபவத்தைப் பற்றி. "லைட்டு வர்றதுக்கு முன்னாடி ஏதாச்சும் வித்தியாசமாத் தெரிஞ்சுதுங்களாக்கா?" தெரிந்தது. அதற்கு முந்தைய வாரம், உலர்ந்த சாலையில், நடக்கும் வேகத்தில் வண்டியை நிறுத்தும்போது பெடல் காலடியில் லேசாக அதிர்ந்தது. அப்போது விளக்கு எதுவும் எரியவில்லை. இதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "அப்ப யூனிட் நல்லா இருக்குங்க்கா. அதுக்குப் பொய்த் தகவல் போகுது" என்றார்.

ஸ்கேனரை மாட்டினார். எஞ்சின் கோளாறு மட்டும் படிக்கும் மலிவான கருவிகள் பலவற்றால் ஏபிஎஸ் கணினியோடு பேச முடியாது. அதற்கேற்ற ஸ்கேனர் வேண்டும் என்பதை அவர்தான் விளக்கினார். எரர் கோடு முன் இடது சக்கரத்தின் சென்சார் சுற்றைக் காட்டியது. "இந்தக் கோடு தெருப் பேர மட்டுந்தான் சொல்லும். எந்த வீடுன்னு நாமதான் தேடணும்" என்றார். அவ்வளவு சரியான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கோடு வந்ததும் சென்சாரை வாங்கி மாட்டிவிட்டு, விளக்கு போகவில்லையென்றால் அடுத்த பொருளை வாங்கச் சொல்லும் பழக்கம் எத்தனை பேரின் பணத்தைத் தின்றிருக்கும்!

அவர் செய்தது இதுதான். என்னை மெதுவாக ஓட்டச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஸ்கேனர் திரையில் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்று எண்கள் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. முன் இடது எண் மட்டும் இடையிடையே துள்ளியது, விழுந்தது, மறுபடி எழுந்தது. சென்சார் முழுதாகச் செத்திருந்தால் எண்ணே வராது. ஒயர் அறுந்திருந்தாலும் வராது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் துடிப்பு தவறுகிறது என்றால், சுழலும் பொருளில்தான் குறை.

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினார். சென்சாரை எடுத்துத் துடைத்தார். அதன் காந்த முனையில் பிரேக்கிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள் அப்பியிருந்தது. அதன் மின்தடையை மல்ட்டிமீட்டரில் அளந்து, வலப்பக்கச் சென்சாரோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றுபோல இருந்தன. பிறகு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலைக் கையால் மெல்லச் சுற்றினார். பல் வளையத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் வந்து நின்றது. அடியில் துரு ஏறி, உப்பி, வளையத்தை விரித்துப் பிளந்திருந்தது. விரிசல் இருந்த இடத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி கூடிவிட்டது. மெதுவாகப் போகும்போது அந்த இடைவெளியைச் சக்கரம் நின்றுவிட்டதாகக் கணினி எடுத்துக்கொண்டிருக்கிறது. பெடல் அதிர்ந்தது அதனால்தான். விரிசல் இன்னும் அகன்றபோது, இந்தத் தகவலே வேண்டாம் என்று விலகி, விளக்கை எரியவிட்டது.

புது வளையம் சில நூறு ரூபாயில் முடிந்தது. கூலி அதைவிடக் கொஞ்சம் அதிகம். மனநிறைவோடு கொடுத்தேன். எரர் கோடை அழித்துவிட்டு, பக்கத்து மைதானத்துக்குக் கூட்டிப்போய், மண் தரையில் நன்றாக மிதிக்கச் சொன்னார். பெடல் தடதடத்தது, வண்டி கோணாமல் நின்றது, விளக்கு வரவில்லை. அந்தத் தடதடப்பைக் காலில் வாங்கியபோது இருந்த நிம்மதியை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

எல்லா வண்டிக்கும் இதே குறை இருக்கும் என்று சொல்ல வரவில்லை. எலி கடித்த ஒயர், தண்ணீர் தேங்கிய தெருவில் ஓட்டியதில் ஈரம் புகுந்த இணைப்பு, எரிந்துபோன ஃபியூஸ், சார்ஜ் இறங்கிய பேட்டரி, நான்கில் ஒன்று மட்டும் அளவு மாறிய டயர் என்று அதே உக்கடம் கடையில் பலவற்றைப் பின்னாளில் பார்த்தேன். ஒரு வண்டியில், வீல் பேரிங்கை மாற்றியபோது காந்தப் பட்டை உள்ள பக்கத்தைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். பேரிங் புதிது, சத்தம் இல்லை, ஏபிஎஸ் மட்டும் இல்லை. ஆகவே விளக்கு எரிந்ததும் அதற்கு முன்னால் வண்டியில் என்ன வேலை நடந்தது என்பதை நினைவுபடுத்தி மெக்கானிக்கிடம் சொல்வது மிக முக்கியம். டயர் மாற்றினீர்களா, பேட்டரியைக் கழற்றினீர்களா, பெடல் எப்போதாவது அதிர்ந்ததா, விளக்கு சாவி போட்டதும் வந்ததா, ஓடத் தொடங்கிய பிறகு வந்ததா. இவை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பிரேக் ஆயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஆவிக்குமிழ் உண்டாகி, பெடல் பஞ்சுபோல உள்ளே போய்விடும். ஏபிஎஸ் பெட்டிக்குள் இருக்கும் நுண்ணிய வால்வுகளும் அந்த ஈரத்தால் துருப்பிடிக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான வழக்கம்; உங்கள் வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதையே பின்பற்றுங்கள். டப்பாவின் மூடியில் எழுதியிருக்கும் ரகத்தைத் தவிர வேறு எதையும் ஊற்றவிடாதீர்கள்.

அந்தப் பழைய வளையத்தைக் கேட்டு வாங்கி வந்து பள்ளியில் வைத்திருக்கிறேன். உராய்வுப் பாடம் வரும்போது பிள்ளைகள் கையில் கொடுப்பேன். விரல் நகத்தை விட்டு விரிசலைத் தடவிப் பார்ப்பார்கள். மாணவர்களில் பலர் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் வண்டி ஓட்டப்போகிறவர்கள். அப்பாவை ஒருமுறை வகுப்புக்கே அழைத்துப் போனேன். அவர் பேருந்தில் பஸ்ஸர் கத்தியபோது என்ன செய்தார் என்று சொன்னதை வாயைத் திறந்தபடி கேட்டார்கள். "சத்தம் நிக்கற வரைக்கும் வண்டி நகராது. பயணிங்க திட்டுவாங்க. திட்டட்டும்" என்றார்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெயின்ட்டையும் டயரையும் பார்ப்பதற்கு முன், எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். ஏபிஎஸ் விளக்கு எரியவேண்டும். சில விநாடிகளில் அணையவேண்டும். வண்டியை ஓட்டிப் பார்க்கும்போதும் அது திரும்ப வரக்கூடாது. சாவி போட்டதும் அந்த விளக்கு எரியவே இல்லையென்றால், யாரோ அதைத் துண்டித்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மெக்கானிக் ஒருவர் ஸ்கேனர் போட்டுப் பார்த்துச் சொல்லும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.